தென்னேரியில் என்ன விசேஷம்?

வாசலில் ஒருவர் வந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் குடை, தோளில் துண்டு. வெளியே ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியதால் முகம் தெரியவில்லை. அரிசி மில் கிடங்குக்குள் தவிட்டு வாசனை. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம்.

"இங்க யாருக்கு விசேஷம்?" என்று கேட்டார்.

எங்களுக்கு அது புதுக் கேள்வி இல்லை. தென்னேரியில் அந்த வழியாகப் போகிற ஆள் மட்டுமில்லை, ஆடு மாட்டுக்குப் பேச வந்தால் அதுவும் அதையேதான் கேட்கும். ஹார்மோனியம் வாத்தியார் வழக்கமான பதிலைச் சொன்னார். "விசேஷம் ஒண்ணும் இல்லீங்க. சும்மாதான்."

வந்தவர் நகரவில்லை. கண் பழகியதும் உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாயில் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மில்லுக்காரர் மனைவி பத்மாவதி அம்மா பெரிய தாம்பாளத்தில் சுண்டலும் வெற்றிலைப் பாக்கும் ஏந்தி வருகிறார். நடுவில் மனைக்கட்டை மேல், தலை வாரி, நெற்றி நிறைய விபூதியோடு நான். அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பெண் ஒருத்தி எனக்கு மோர் கொடுக்கக் குனிகிறாள்.

குடை கீழே விழுந்தது.

"அடப்பாவி! என் பொண்ண வந்து பாத்துட்டுப் போயி முழுசா ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள இங்க மேளதாளத்தோட நிச்சயம் பண்ணிக்கினு இருக்கியா நீ?"

அப்போதுதான் குரலை அடையாளம் கண்டேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் கன்னியப்ப முதலியார். நான் கட்டிக்கொண்டால் இவளைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த கோமளாவின் அப்பா. டிரம்ஸ் குச்சியைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றேன்.

ஒரு வரிதானா?

போன வாரம் இந்தத் தொடரில், 'தறி வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் தென்னேரி ஜாஸ் கிளப்பில் டிரம்ஸ் அடித்துவந்தேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். வீட்டில் பிடித்துக்கொண்டாள் கோமளா.

"ஒங்க சித்தப்பா சைக்கிள் வாங்குன கதய வாரக்கணக்கா எழுதனீங்க. என் கல்யாணத்தையே கவுக்கப் பாத்த கிளப்புக்கு ஒரு வரிதானா?"

நியாயம்தான். ஆனால் எழுதாமல் விட்டதற்கு என்னிடமும் ஒரு காரணம் உண்டு. எனக்கு அது விளங்கவில்லை. ஜாஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று முழிப்பேன். அத்தனை வருஷம் வாசித்தவனுக்கே தெரியாதா என்பீர்கள். தெரியாதுதான், என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

காதுக்கு வரும் சேதி

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு எந்தச் சேதியும் முதலில் காது வழியாகத்தான் வரும். விடியலில் நாகஸ்வரம் கேட்டால் சாமி எழுந்துவிட்டது. தெருமுனையில் பேண்டு செட்டு கேட்டால் மாப்பிள்ளை அழைப்பு. பறை கேட்டால், யார் என்று விசாரிப்பதற்கு முன்பே தறியை விட்டு இறங்கிவிடுவோம். எடுக்கிறவரை அந்தத் தெருவில் தறி ஓடாது.

காரணம் இல்லாமல் எங்கள் ஊரில் எந்த வாத்தியமும் சத்தம் போட்டதில்லை. அப்படிப்பட்ட சீமையில், காரணமே இல்லாமல் வாசிப்பதற்கென்று ஒரு கிளப் நடத்தினால் ஜனங்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? முதல் சில மாதங்கள் நாங்கள் ஆரம்பித்ததும் பக்கத்துத் தெருப் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, "யாரு போயிட்டாங்க?" என்று பதறுவார்கள். ஒரு பெரியவர் மொய் வைக்க வெற்றிலைத் தட்டைத் தேடினார். வேண்டாம் என்று சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கல்கத்தாவின் பின்வாசல்

இத்தனைக்கும் மூலகாரணம் தரணேந்திர நயினார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், தென்னேரியில் ஒரு ஜைனக் குடும்பம். நிலபுலமும் சின்னதாக ஒரு அரிசி மில்லும் இருந்தன. வாலிபத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய், ஒரு பெரிய ஹோட்டலில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். வெங்காயம்கூடத் தொடாத மனிதர் அந்த ஹோட்டலில் என்ன தின்று உயிர் பிழைத்தார் என்பது எனக்கு இன்னொரு குழப்பம்.

அவர் சொல்வது இதுதான்: "டான்ஸு முடிஞ்சி தொரைங்கள்லாம் காரேறிப் பூடுவாங்க. நாற்காலியெல்லாம் மேஜ மேல கவுத்துடுவாங்க. சம்பளம் வாங்குன பேண்டுக்காரன் பெட்டியக் கட்டிக்கினு கெளம்ப வேண்டியதுதான? கெளம்ப மாட்டான். கோட்டக் கழட்டி வெச்சிட்டு மறுபடியும் வாசிப்பான். யாருக்குப்பா வாசிக்கிறீங்கன்னு கேட்டேன். யாருக்கும் இல்லன்னான். இதுக்குப் பேரு இன்னான்னேன். ஜாஸுன்னான்."

அவரைப் பொறுத்தவரை ஜாஸ் என்றால் அவ்வளவுதான். விசேஷம் முடிந்தபிறகு வாசிப்பது. டான்ஸுக்கு வாசித்ததும் அதே ஜாஸ்தான் ஐயா என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் சொல்லிப் பார்த்தார். நயினார் அவருக்கு இன்னொரு கரண்டி சுண்டல் வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

ஊர் திரும்பும்போது ஒரு கோவாக்காரர் கொடுத்த சாக்ஸபோன் ஒன்றும் கூடவே வந்தது. மில் கிடங்கைப் பெருக்கிப் பாய் போட்டார். கிளப் ஆரம்பமாகிவிட்டது.

சம்பளம் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஆளுக்கொரு வேலை. வாத்தியார் ஹார்மோனியத்தோடு வந்து பாய் விரிப்பார். நான் டிரம்ஸ், கூடவே பெருக்குவதும் நான். வாலாஜாபாத் மஸ்தான் பாய் கிளாரினெட். அவர் கல்யாண பேண்டு செட்டில் வாசித்துப் பிழைப்பவர். எங்களில் நிஜமாக வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என்னைக் கூட்டிப்போனதும் அவரே. ஒரு கல்யாணப் பந்தியில் நான் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தோஸ்த், ஞாயித்துக்கெழம சும்மா இருந்தா வாயேன்" என்றார். அப்படிப் போனவன்தான்.

பெரிய டிரம்மைக் காலால் அடிக்க வேண்டும். என் பழைய தறியின் மிதிகட்டையைக் கயிறு கட்டிப் பொருத்திக்கொண்டேன். கை ஒன்று செய்யக் கால் ஒன்று செய்வது தறிக்காரனுக்குப் பழக்கம்தான். ஆனால் தறியில் கணக்கு தப்பினால் புடவை கெட்டுவிடும். இங்கே தப்பினால் நயினார், "சபாஷ், அப்படித்தான்!" என்பார். எது தப்பு எது சரி என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவே இல்லை.

ஜாஸ் கிளப் என்றால் இருட்டியபிறகுதான் திறப்பார்களாம். எங்கள் கிளப் இருட்டுமுன் மூடிவிடும். நயினார் வீட்டில் பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் படக் கூடாது. வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பவும் மாட்டார்கள். அதனால் மதியம் ஆரம்பித்து, ஏரிக்கு மேலே வெயில் மஞ்சளாகும்போது நிறுத்திச் சுண்டல் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவோம். "ஒரு உருளக்கெழங்கு போண்டாவுக்கு இந்த ஊட்ல வழியே இல்லியா நயினாரே" என்று மஸ்தான் பாய் வாரம் தவறாமல் புலம்புவார். மண்ணுக்கடியில் விளைவது எதுவும் அந்த வீட்டு அடுப்பில் ஏறாது. அவரும் அடுத்த வாரம் வந்துவிடுவார்.

முதலியார் போட்ட நிபந்தனை

குடை விழுந்த இடத்துக்கு வருகிறேன்.

நிச்சயமும் இல்லை, ஒன்றும் இல்லை என்று முதலியாரை நம்பவைப்பதற்குள் எங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. மோர் கொண்டுவந்த பெண் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள் என்று தெரிந்தபிறகுதான் பாயில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை ஞாயிறுதோறும் எங்கோ போகிறானே, சீட்டாட்டமோ என்னவோ என்று விசாரிக்க வந்த மனிதர். சீட்டாட்டமாக இருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும்.

"கல்யாணத்துக்கு வாசிப்பீங்களா?"

"இல்ல" என்றார் நயினார்.

"கோயிலுக்கு?"

"இல்ல."

"சாவுக்கு?"

"அதுக்கும் இல்ல."

"பின்ன எதுக்குய்யா வாசிக்கிறீங்க?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் மஸ்தான் பாயைப் பார்த்தார். அவர் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலியார் சுண்டலை முழுவதும் தின்று முடித்து, துண்டில் கை துடைத்துக்கொண்டு, அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, போவட்டும். மில்லுக்காரரு, வாத்தியாரு, கௌரவமான ஆளுங்கதான். பொண்ணு குடுக்குறேன். ஆனா என் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வாசிக்கணும். ஊரான் கல்யாணத்துக்கு வேணாம். சொந்த ஆளு கல்யாணத்துக்குக்கூட வாசிக்கலன்னா அது இன்னா மரியாத? நீங்க வாசிச்சாதான் மணவறை."

அவர் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து பேண்டு வந்திருந்தது. அந்தக் காந்தல் அவருக்கு.

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இது ஒரு நிபந்தனையா! சந்தோஷமாக நயினாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் வந்து பந்தி பரிமாறுறேன் முதலியாரே. எச்சில எல எடுக்கச் சொன்னாலும் எடுக்குறேன். வாசிக்க மட்டும் மாட்டேன்" என்றார் அவர்.

முதலியார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் சொன்னது

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. சாக்ஸபோனில் ஒரு சுரம்கூடச் சுத்தமாக வராத மனிதர் என் வாழ்க்கையில் விளையாடுகிறாரே! வீடு திரும்பும் வழியில் மஸ்தான் பாயைப் பிடித்தேன். "பாய், நீங்க தினம் கல்யாணத்துக்குத்தான வாசிக்கிறீங்க. எனக்கு வாசிக்க இன்னா கஷ்டம்?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "ஏகாம்பரம், நீ கேட்டா நம்ம செட்டையே இட்டாந்து ஜாம் ஜாம்னு வாசிக்கிறேன். காசு வாணாம். ஆனா இந்தக் கிளப்பு வாணாம்பா. வாரம் பூரா எவனோ சொல்ற எடத்துல, எவனோ கேக்குற பாட்டு. இங்க மட்டுந்தான் நான் யாருக்கும் வாசிக்காம வாசிக்கிறேன். இதையும் கல்யாணமாக்கிட்டா நான் எங்க போறது?"

அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சாயக் கடையில் பட்டு நூல் வாங்க வந்த கோமளாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதுவரை என்னிடம் பேசியதே இல்லை. தலையைக் குனிந்தபடி, "எங்கப்பா புடிச்ச புடிய உட மாட்டாரு. நீங்களும் உட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எதை விடக் கூடாது? அவளையா, கிளப்பையா? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கடைசியில் நயினாரும் பத்மாவதி அம்மாவும் பழத்தட்டோடு பிள்ளையார்பாளையம் போனார்கள். வாசிக்க மாட்டோம், ஆனால் கிளப்பே திரண்டு வரும் என்று சொன்னார்கள். வீடு தேடி வந்தவர்களிடம் முதலியார் குரலை உயர்த்தவில்லை. "வாங்க, அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார். பந்தலில் கையைப் பிடித்து இழுத்தால் எந்த மனிதன் மாட்டேன் என்பான் என்று அவர் மனக்கணக்கு. முகூர்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது.

விசேஷம் முடிந்தது

ஞாயிறு என்பதால், கல்யாணம் முடிந்து நேராகக் கிளப்புக்குப் போகிற யோசனையில் எல்லோரும் வாத்தியப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். முதலியாருக்கு வாயெல்லாம் பல். "பெட்டி வந்துட்ச்சி, பெட்டி வந்துட்ச்சி!" என்று பங்காளி காதில் விழும்படி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெட்டிகள் மூலையில் இருந்தன. நாகஸ்வரம் ஒலித்தது, கெட்டிமேளம் கொட்டியது, நான் தாலி கட்டினேன். பெட்டி திறக்கவே இல்லை. நயினார் வேர்க்க விறுவிறுக்கச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடினார். முதலியார் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். "இருங்க, அந்த எலைக்கு ரசம் வரல" என்று நயினார் நழுவினார்.

முதலியார் முகம் சுண்டிப்போனது. உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். பெண்ணைப் பெற்றவர் சாப்பிடாத கல்யாணம் என்ன கல்யாணம்? கோமளா மாலையோடு நின்று அழுதாள். நான் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஜனம் கலைந்தது. நாகஸ்வரக்காரர்கள் தட்சிணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தல்காரர் ஏணி வைத்து வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிகளை மடக்கிச் சாய்த்திருந்தார்கள். நயினார் கை கழுவிக்கொண்டு உள்ளறை வாசலில் போய் நின்றார்.

"முதலியாரே, விசேஷம் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது" என்றார் அவர், திரும்பாமலேயே.

"இனிமே ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. நீங்க கெளம்பலாம்."

"அப்ப சரி" என்று நயினார் பெட்டியைத் திறந்தார்.

மஸ்தான் பாய் அவர் முகத்தைப் பார்த்தார். ஏணிமேல் நின்ற பந்தல்காரரைப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே கிளாரினெட்டை எடுத்தார். வாத்தியார் ஹார்மோனியத்தைத் தரையில் வைத்தார். எனக்கு டிரம்ஸ் இல்லை. அப்போதுதான் காலி செய்து கவிழ்த்த சோற்று அண்டா கிடந்தது. கையில் கங்கணத்தோடு, பட்டு வேட்டியோடு, அதன் முன்னால் உட்கார்ந்து இரண்டு கரண்டிக் காம்பால் அடித்தேன். என்ன வாசித்தோம் என்று கேட்காதீர்கள். சாம்பார் வாசனையும் அண்டாவின் சூடும்தான் நினைவில் இருக்கின்றன.

கொஞ்ச நேரத்தில் முதலியார் வெளியே வந்தார். ஒரு நாற்காலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"யாராச்சும் எனக்கு ஒரு எல போடுங்கபா" என்றார்.

முடியாத வழக்கு

அன்று தொடங்கியது எங்கள் வீட்டு வழக்கு. கிளப்காரர்கள் தன் கல்யாணத்துக்காகத்தான் வாசித்தார்கள் என்பாள் கோமளா. இல்லை, விசேஷம் முடிந்தபிறகு சும்மா வாசித்தோம் என்பேன் நான். நயினாரைக் கேட்டால், "முடிஞ்சிதான்னு கேட்டுட்டுத்தானம்மா வாசிச்சேன்" என்பார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

அப்புறமும் வருஷங்கள் கிளப் நடந்தது. எழுபதுகளில் ஒரு ஆடி மாதம் நயினார் போய்விட்டார். எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்தோம். பாய் கிளாரினெட்டைக் கொண்டுவரவில்லை, நான் குச்சியைக் கொண்டுபோகவில்லை. சாவுக்கு வாசிக்கிறவர்கள் இல்லையே நாங்கள்.

அடுத்த ஞாயிறு பழக்கத்தில் கிடங்கைத் திறந்து உட்கார்ந்தோம். சாக்ஸபோன் அவர் நாற்காலியில் இருந்தது. வாத்தியார் ஹார்மோனியத்துக்குக் காற்றடித்தார், கட்டையை அழுத்தவில்லை. யாரும் ஆரம்பிக்கவில்லை. பொழுது சாயுமுன் பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

"இன்னா வாசிச்சீங்க?" என்று கேட்டாள் கோமளா.

"வாசிக்கல. இனிமே எத வாசிச்சாலும் அவருக்காகன்னு ஆயிடும். அப்படி ஒரு காரணத்துக்கு வாசிக்கிறது அவருக்குப் புடிக்காது."

அவள் கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப என் கல்யாணத்துல?"

"அது விசேஷம் முடிஞ்ச அப்பால..."

"போதும் நிறுத்துங்க. கழுத்துல மால வாடல, மஞ்சக்கயிறு ஈரம் காயல, அதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிடுச்சாமா? எங்கப்பாகிட்ட போயி முடிஞ்சிதான்னு எதுக்குக் கேட்டாரு? எனக்கு வாசிக்க ஒரு வழி தேடுன மனுசன்யா அவரு. அவருக்கு வாசிக்க ஒங்களுக்கு ஒரு வழி கெடைக்கலியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷ வழக்கில் அன்றைக்குத்தான் தோற்றேன். தோற்றேனா என்பதும் இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை.

கிளப்பின் கடைசி நாள் எது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. நயினார் போன அன்றே முடிந்தது என்பார் மஸ்தான் பாய். வாத்தியார் வேறு கணக்குச் சொல்வார். எனக்குத் தெரிந்தது, வாசிக்காமல் பூட்டிய அந்த ஞாயிறுக்கு அடுத்து வந்த ஞாயிறு மட்டும்தான்.

அன்று மதியம் வாசித்தோம். மோசமாகத்தான் வாசித்தோம். பாய்க்கே இரண்டு இடத்தில் மூச்சு உடைந்தது. பத்மாவதி அம்மா கதவோரம் வந்து நின்றார். அந்த நேரம், தலையில் துண்டு கட்டிய ஒரு வெளியூர்க்காரர் சைக்கிளை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, இங்க யாருக்கு விசேஷம்?"

வாத்தியார் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தார்.

"எங்க நயினாருக்கு" என்றேன் நான்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.